தங்கம் போன ஊர்

கோலார் தங்க வயலுக்கு மின்சாரம் வந்தது 1902-ல், பெங்களூருக்கு 1905-ல்தான். சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கி.மீ. கம்பி இழுத்ததே சுரங்கத்துக்காகத்தான்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. துரைகளுக்கு பங்களா, கிளப். மூன்று கி.மீ. ஆழம்வரை இறங்கி நுரையீரலில் கல்தூசி சுமந்தவர்களுக்கு லைன் வீடு. அவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுத் தமிழர்கள்.

2001 பிப்ரவரி 28-ல் மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் சுரங்கத்தை மூடியது. மிச்சம், துருவேறிய இரும்புக் கோபுரங்களும் சயனைடு மண்மேடுகளும். காற்றடித்தால் அந்த மண் வீட்டுக்குள் வருகிறது.

பிள்ளைகளும் பேரன்களும் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பெங்களூருக்கு முன்பே வெளிச்சம் பார்த்த ஊர், இருட்டில் கிளம்பி இருட்டிய பிறகே வீடு திரும்புகிறது.