ஷேர்மன் வைற்றும் கூண்டில் ஏற்றப்படாதவர்களும்

2011 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஓரிரவு செய்திப் பிரிவில் கடமையில் இருந்தேன். வெளிநாட்டுச் செய்திகளிடையே அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் ஒருவரின் மரணச் செய்தியும் வந்திருந்தது. பெயர் ஷேர்மன் வைற், வயது 82. செய்தியின் முதல் வாக்கியமே 1951 ஆம் ஆண்டின் ஆட்ட நிர்ணய மோசடியைத்தான் கூறியது. எமது வாசகர்கள் அறியாத ஒருவர் என்று தீர்மானித்து, அச்செய்தியை நான் ஒதுக்கிவிட்டேன். ஆனால், வீடு திரும்பும் வழியில் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வந்தது. எண்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மனிதரை, இருபத்திரண்டு வயதில் அவர் செய்த குற்றத்தைக் கொண்டு முதல் வரியிலேயே அளந்து முடிக்கும் அதிகாரத்தை எமக்கு வழங்கியவர் யார்?

அதன் பின்னர் அவரைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க எனது கோபம் வேறு திசையில் திரும்பியது. அந்தக் கோபத்தின் காரணத்தையே இங்கு எழுதுகின்றேன்.

ஷேர்மன் வைற் நியூஜேர்சி மாநிலத்தின் எங்கிள்வுட் என்ற ஊரில் வளர்ந்தவர். நியூயோர்க்கின் லோங் ஐலன்ட் பல்கலைக்கழக அணிக்காக விளையாடினார். 1950 இல் ஒரே போட்டியில் 63 புள்ளிகளைப் பெற்றவர். 1950-51 பருவத்தில் போட்டியொன்றுக்குச் சராசரியாக 27.7 புள்ளிகள் என்ற கணக்கில் நாட்டிலேயே முன்னணியில் நின்றார். 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' பத்திரிகை அவரை அந்த ஆண்டின் சிறந்த பல்கலைக்கழக வீரராகத் தெரிவு செய்தது. அந்த அறிவிப்பு வெளிவந்து ஓரிரு நாட்களுக்குள், 1951 பெப்ரவரி 20 இல், அவர் கைது செய்யப்பட்டார். அவர் தங்கியிருந்த அறையில் மறைத்து வைக்கப்பட்டிருந்த 5,500 டொலர் கைப்பற்றப்பட்டது.

குற்றம் என்ன? அணியைத் தோற்கடிப்பது மட்டுமன்று. அக்காலச் சூதாட்டம் புள்ளி வித்தியாசத்தை அடிப்படையாகக் கொண்டது. பலமான அணி பத்துப் புள்ளிகளால் வெல்லும் என்று பந்தயக்காரர் கணித்தால், எதிரணியின் மீது பணம் கட்டியவர், அந்த வெற்றி ஐந்து புள்ளிகளாகச் சுருங்கினாலே பணம் பெறுவார். ஆகவே வீரனிடம் 'தோற்றுப்போ' என்று கேட்கத் தேவையில்லை. 'வெல், ஆனால் கொஞ்சமாக வெல்' என்று கேட்டாலே போதும். இருபது வயது இளைஞன் ஒருவன் தன் மனச்சாட்சியை ஏமாற்றிக்கொள்வதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறில்லை. அணியும் வெல்கின்றது, பையும் நிறைகின்றது. பாதிக்கப்பட்டவர் யார் என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளலாம்.

வைற் குற்றவாளி. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. நுழைவுச்சீட்டு வாங்கி வந்த பார்வையாளனுக்கும், உண்மையாக ஓடியாடிய சக வீரனுக்கும் அவர் துரோகம் செய்தார். வறுமை இதற்குச் சமாதானமாகாது. அதே 1951 ஜனவரியில் மன்ஹற்றன் கல்லூரியின் கறுப்பின வீரர் ஜூனியஸ் கெலொக்கிடம் 1,000 டொலர் இலஞ்சம் பேசப்பட்டது. அவர் அதனை மறுத்துத் தமது பயிற்றுநரிடம் முறையிட்டார். மோசடி முழுவதும் அம்பலமாவதற்கு அந்த முறைப்பாடே தொடக்கம். நேர்மை சாத்தியமானது என்பதற்குக் கெலொக் சாட்சி.

எனவே வைற் தண்டிக்கப்பட்டது தவறு என்று நான் வாதிடவில்லை. தண்டனையின் அளவையும், அந்தத் தண்டனை யார் வீட்டுக் கதவைத் தட்டாமற் சென்றது என்பதையுமே கேட்கின்றேன்.

1951 நவம்பரில் நீதிபதி சோல் ஸ்ட்ரைற், சூதாட்டத்தின் சூத்திரதாரியான நகை வியாபாரி சல்வற்றோர் சொலாசோவுக்கு 8 முதல் 16 ஆண்டு வரையான சிறைத்தண்டனை விதித்தார். தண்டிக்கப்பட்ட வீரர்களிற் பெரும்பாலோரின் சிறைத்தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. வைற்றுக்கு ஓராண்டுச் சிறை. ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் ஒன்பது மாதங்கள் வரை இருந்தார். சட்டத்தின் கணக்கு அத்துடன் தீர்ந்தது. ஆனால், தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தை நடத்தும் என்.பி.ஏ. அமைப்பு மோசடியிற் சம்பந்தப்பட்ட வீரர்களுக்கு வாழ்நாள் முழுவதற்குமாகக் கதவை அடைத்தது. வைற் சேர்வார் என எதிர்பார்க்கப்பட்ட நியூயோர்க் நிக்ஸ் அணி, 1952 இலும் 1953 இலும் இறுதிச் சுற்றுவரை வந்து தோற்றது. அவரோ வார இறுதிகளில் சிறு நகரங்களின் ஈஸ்டேர்ன் லீக் போட்டிகளில் விளையாடிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் நியூஜேர்சியில் சிறுவர்களுக்குப் பயிற்சியளித்தார்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம்.

வைற்றின் பயிற்றுநர் கிளெயார் பீ. நேர்மையான விளையாட்டை இளைஞர்களுக்குப் போதிக்கும் 'சிப் ஹில்ற்றன்' கதை வரிசையை எழுதியவரும் இவரே. தமது கண் முன்னால் நடந்ததை அவர் காணவில்லை. பொறுப்பில் தமக்கும் பங்குண்டு என்று பின்னர் பகிரங்கமாக எழுதினார். அந்த அளவில் அவரை மதிக்கின்றேன். ஆனால், நடந்தது என்ன? 1952 இல் என்.பி.ஏ.யின் பல்ரிமோர் அணி அவரைப் பயிற்றுநராக நியமித்தது. 1968 இல் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது. மாணவன் நுழையக் கூடாத கதவினூடாக ஆசான் உள்ளே சென்றார்.

கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தின் கதை இதைவிட மோசமானது. அலெக்ஸ் குரோசா, ரால்ஃப் பியேர்ட் ஆகிய இருவரும் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்கள். 1951 இல் அவர்களுக்கும் வாழ்நாள் தடை. பணம் வாங்கியதை ஒப்புக்கொண்ட பியேர்ட், ஆட்டத்தை ஒருபோதும் மாற்றவில்லை என்று 2007 இல் இறக்கும்வரை கூறிவந்தார். அவர்களது பயிற்றுநர் அடொல்ஃப் ரப் எவ்வாறு அணியை நடத்தினார் என்பதை நீதிபதி ஸ்ட்ரைற் மிகக் கடுமையாகக் கண்டித்தார். கென்ரக்கி அணிக்கு ஒரு பருவம் போட்டியில்லாமற் போனது. ரப் 1972 வரை பதவியில் இருந்தார். 1976 இல் திறக்கப்பட்ட பிரமாண்டமான அரங்குக்கு அவரது பெயரையே சூட்டினார்கள்!

மடிசன் ஸ்குயார் கார்டன் அரங்கைப் பாருங்கள். ஒரே இரவில் இரு பல்கலைக்கழகப் போட்டிகளை நடத்தி, 18,000 பேரளவில் திரட்டிக் காசு பார்த்தார்கள். அவற்றை ஏற்பாடு செய்த நெட் ஐரிஷ் 1964 இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அரங்குக்கு வாடகை வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பங்கு வந்தது. பயிற்றுநருக்குச் சம்பளம் வந்தது. பந்தை எறிந்தவனுக்கோ புலமைப்பரிசிலும் கைதட்டலும் போதும் என்றார்கள். ஏழு கல்லூரிகளைச் சேர்ந்த 32 வீரர்கள், 86 போட்டிகள் என்று வழக்குத்தொடுநர் பிராங்க் ஹோகன் கணக்கிட்டார். இத்தனை பேர் ஒரே காலத்தில் விலைபோனார்கள் என்றால், அதனைத் தனிமனிதப் பலவீனம் என்று மட்டும் கூறித் தப்பித்துக்கொள்ள முடியுமா? லோங் ஐலன்ட் பல்கலைக்கழகமாவது 1951 முதல் 1957 வரை கூடைப்பந்தாட்டத்தையே கைவிட்டது. அந்த வெட்கம் ஏனையோருக்கு எவ்வளவு காலம் நீடித்தது?

தண்டிக்கும் வேகத்தில் குற்றமற்றவரும் அகப்பட்டனர். 1961 இன் இரண்டாவது மோசடியில் கொனி ஹொக்கின்ஸின் பெயர் அடிபட்டது. அவர் அப்போது அயோவாப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர். அக்கால விதிப்படி முதலாம் ஆண்டு மாணவர் பிரதான அணியில் விளையாடவே முடியாது. விளையாடாத ஆட்டத்தை எவ்வாறு மாற்றுவது? சூதாட்டத் தரகரான ஜக் மொலினாஸிடம் 200 டொலர் கடன் வாங்கினார். அது திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தது. அவர்மீது வழக்கே தொடரப்படவில்லை. எனினும் பல்கலைக்கழகம் வெளியேற்றியது, என்.பி.ஏ. விலக்கிவைத்தது. நீதிமன்றம் சென்று 1969 இலேயே உள்ளே வர முடிந்தது. எட்டு ஆண்டுகள்! வழக்காடும் வாய்ப்புக் கிடைக்காதவர்கள் எத்தனை பேரோ?

இன்று நிலைமை என்ன? 2018 மே மாதம் அமெரிக்க உயர் நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த தேசியத் தடையை நீக்கியது. இரண்டே மாதங்களில் என்.பி.ஏ. ஒரு சூதாட்ட நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது. 2021 இல் பல்கலைக்கழக வீரர்கள் தமது பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் சம்பாதிக்க அனுமதிக்கப்பட்டனர். 2025 ஜூனில் அங்கீகரிக்கப்பட்ட உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம். வீரனுக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ள முக்கால் நூற்றாண்டு சென்றிருக்கின்றது. வைற் அதற்குள் இறந்துபோனார்.

ஆயினும் பழைய வழக்கம் மாறவில்லை. 2024 ஏப்ரலில் ஜொன்ரே போற்றர் என்ற வீரருக்கு என்.பி.ஏ. வாழ்நாள் தடை விதித்தது. பந்தயக்காரர்களுக்காகச் சுகவீனம் எனக் கூறி ஆட்டத்திலிருந்து விலகியவர் அவர். நீதிமன்றத்திலும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தடை நியாயமானதே. ஆனால், பந்தய நிறுவனத்தின் விளம்பரத்தை வீரனின் தலைக்கு மேல் தொங்கவிட்டு, அதன் கீழ் நின்று தூய்மையைப் போதிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கள்ளுக்கடையை நடத்திக்கொண்டு குடிகாரனை மட்டும் தண்டிப்பது எந்த ஊர் நீதி?

இறுதியாக எமது தொழிலைப் பற்றியும் சொல்லாவிட்டால் நானும் தப்பித்துக்கொண்டவனாவேன். 1951 இன் நியூயோர்க் பத்திரிகைகள், சூதாடிகளுக்குத் தேவைப்பட்ட புள்ளி வித்தியாசக் கணிப்புகளைத் தாமே அச்சிட்டு விற்றன. பின்னர் அதே பத்திரிகைகள் கைதான இளைஞர்களின் படங்களை முதற்பக்கத்தில் அச்சிட்டு விற்றன. இரண்டு முறையும் பணம் வந்தது. எந்தப் பத்திரிகையாளனும் கூண்டில் ஏறவில்லை.

அன்றிரவு அச்செய்தியை ஒதுக்கியதற்குப் பதிலாக நான் வெளியிட்டிருந்தாலும், 'மோசடி வீரர் மரணம்' என்றே தலைப்பிட்டிருப்பேன். அந்த உண்மையே என்னை உறுத்துகின்றது. வைற்றின் கதையை எழுதுபவர்கள் அவர் பணம் வாங்கியதை மறைக்க வேண்டாம். அவரை வைத்துப் பணம் பார்த்தவர்களின் பெயர்களையும் அதே பந்தியில், அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். நீதி அதற்கு மேல் எதனையும் கேட்கவில்லை.