வாய்க்காலில் இலை மக்கவில்லை



எங்கள் பக்கத்தில் தண்ணீர் கெட்டதைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு நிலக்கரிச் சுரங்கத்தில்தான் போய் நிற்கும். பரவனாற்றில் சுரங்கத் தண்ணீர் ஓடும்போது அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் விவசாயிகள் நாங்களே வாய்க்காலில் ஊற்றுவதற்குக் கணக்கு யார் கேட்பது?

சம்பாவில் புகையான் பூச்சி விழுந்ததும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் மருந்தை அடிக்கிறோம். எத்தனை மில்லி என்பதும் அவர் சொல்வதுதான். அடித்து முடித்ததும் டேங்கை வாய்க்காலிலேயே அலசுகிறோம், காலி டப்பா மதகடியில் மிதக்கிறது. ஆள் கிடைக்காமல் இப்போது ட்ரோன் வேறு. காற்றடித்தால் அந்தச் சாரல் வரப்போடு நிற்குமா?

நெல்லைத் தொடாத பூச்சிகளும் இதில் சாகின்றன. தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள்தான் வளர்கிறது. கொசுப்புழுவைத் தின்பதும் அதுதான். இலை மக்குவதற்கும் இப்படிப்பட்ட பூச்சிகள் வேண்டும். தண்ணீரில் விழுந்த புங்க இலையைப் பூஞ்சை மிருதுவாக்கும். பிறகு நீர்ப்பூச்சியும் நண்டும் நத்தையும் அதைக் கடித்துத் தூளாக்கும். அந்தத் தூளில் பிழைக்கும் சிற்றுயிர்களைத் தின்றுதான் கெண்டையும் கெளுத்தியும் வளர்கின்றன.

1980-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில், கோவீட்டா என்ற காட்டில், பூச்சிகள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று ஆராயவே ஒரு சிற்றோடையில் மெத்தாக்சிகுளோர் என்ற பூச்சிமருந்தை விட்டார்கள். பூச்சிகள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. அதன்பின் அந்த ஓடையில் இலை மக்கும் வேகம் குறைந்தது, கீழே அடித்துச் செல்லப்படும் இலைத்தூளும் குறைந்தது. போன மாசியில் எங்கள் மதகடியில் புங்க இலைகள் கறுத்து, ஓரம்கூடக் கடிபடாமல் அடுக்கடுக்காகக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்த ஓடைதான் நினைவுக்கு வந்தது. மருந்து மட்டுமே காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சோதித்தால்தானே தெரியும்!

இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தைத் திறந்தவெளிப் பயிர்களுக்கு அடிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2018-லேயே தடை போட்டுவிட்டது. இங்கே காசு கொடுத்தால் கேள்வியே இல்லாமல் கிடைக்கிறது. காலி டப்பாவும் கழுவிய தண்ணீரும் நீர்நிலையைக் கெடுக்காதபடி அப்புறப்படுத்தப்பட வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. அந்த விதி கடைப் பலகைக்குக்கூட வந்து சேரவில்லை.

சுரங்கத் தண்ணீரைச் சோதிக்கக் கேட்கும்போது வாய்க்கால் தண்ணீரில் மருந்து எச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நடவு முடிந்து ஒருமுறை, அறுவடைக்கு முன் ஒருமுறை போதும். கூடவே ஒரு வலையைப் போட்டு எத்தனை வகைப் பூச்சி மிஞ்சியிருக்கிறது என்று எண்ணட்டும். அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. டப்பாக்களை அள்ள வேளாண் துறை ஒரு வண்டி அனுப்பினால், ஏற்றிவிட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கம்மாபுரம், கடலூர் மாவட்டம்.