கடிக்கிற ஃபிரிட்ஜ்!

எங்க வீட்டு ஃபிரிட்ஜை செருப்பு போட்டுத்தான் தொடணும். "புது ஆளுன்னா கடிக்கும்" என்பார் அப்பா. விருந்தாளியும் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம்.

கரண்ட் விளையாட்டு இல்லைன்னு நம்ம ஊருக்குத் தெரியும். 2024 டிசம்பர் 12 இரவு, திருச்சி ரோட்டில் தனியார் மருத்துவமனை எரிந்து, குழந்தை உட்பட 6 பேர் இறந்தார்கள். ஷார்ட் சர்க்யூட் என்றே சந்தேகித்தார்கள். அதுக்கப்புறமும் எங்க வீட்டு ஜோக் நிக்கல!

பிளக்பாயிண்டில் மேலே இருக்கிற பெரிய ஓட்டைதான் எர்த். (பேனாவால குத்தி ரெண்டு பின் சார்ஜர் சொருகுவோமே, அதேதான்.) எங்க வீட்டில் அதுக்குப் பின்னால் பச்சை ஒயரே கிடையாது. கசியுற கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லை, தொடுறவங்க உடம்பு வழியாத்தான் போகும். 230 வோல்ட்.

இனி இந்த ஜோக்குக்கு நான் சிரிக்கிறதா இல்லை. ஒயர் மாத்தச் சொன்னேன், "தீபாவளி போகட்டும்" என்றார் அப்பா. அப்பத்தாவுக்கு ரப்பர் செருப்பு எடுத்து வச்சேன். அது வெறுங்காலோட, ஈரக்கையோடதான் அடுப்படிக்குள்ள வருது.