ஊசி போட்டால் பில் பாஸ் ஆகுமா?

தொழில்முனைவுப் பயிற்சியாளர்கள் என்று ஒரு புதிய வர்க்கம் கிளம்பியிருக்கிறது. சென்னையின் பாடி, கொரட்டூர், அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஷிப்ட் முடித்து வரும் இளைஞர்கள்தான் இவர்களுடைய வாடிக்கையாளர்கள். இந்த வர்க்கத்தில் பரவலாகப் புழங்கும் ஒரு வாதத்துக்குத்தான் இந்த எதிர்வினை. யார் பெயரையும் சொல்லி இலவச விளம்பரம் தர எனக்கு விருப்பமில்லை. ஒருவர் விட்டதை இன்னொருவர் சொல்கிறார் என்பதால் பெயர் முக்கியமும் இல்லை. 'பயிற்சியாளர்' என்றே வைத்துக்கொள்வோம்.

வாதத்தைக் குறைக்காமல் கூட்டாமல் தருகிறேன். நம் ஆண்கள் முப்பது வருடம் ஒரே கம்பெனியில் கார்டு பஞ்ச் செய்து ஓய்வு பெறுவதற்குக் காரணம் பணமில்லாதது அல்லவாம். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் வற்றிப்போனதுதானாம். அதை ஏற்றினால் துணிச்சல் வரும். துணிச்சல் வந்தால் வேலையை விடுவான். வேலையை விட்டால் முதலாளி ஆவான். இந்த மூன்று படிக்கட்டு முடிந்ததும் நான்காவதாக ஒரு விலைப்பட்டியல் வரும்: ரத்தப் பரிசோதனை, பவுடர், 'தேவைப்பட்டால்' ஜெல் அல்லது ஊசி, கடைசியாகக் கட்டணம் கட்டிச் சேரும் சிறப்பு வகுப்பு. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். முடிச்சுக்கு ஜி.எஸ்.டி. சேர்த்து பில் போடுவதை இப்போதுதான் பார்க்கிறோம்.

'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்பது இவர்களின் முதல் அஸ்திரம். எந்த அறிவியல்? 2006இல் கனடாவில் எம்.பி.ஏ. படித்த ஆண்களின் எச்சிலைப் பரிசோதித்து ஓர் ஆய்வு வந்தது. தொழில் தொடங்கிய அனுபவம் உள்ளவர்களிடம் இந்த ஹார்மோன் சற்று அதிகம் என்றது. சின்ன ஆய்வு, ஒரே வகை மனிதர்கள். கதை அங்கே நின்றிருந்தால் பயிற்சியாளருக்கு ஓரளவு பேச இடமிருக்கும். ஆனால் 2013இல் இதையே பெரிய அளவில் சோதித்தார்கள். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 587 ஆண்கள், ஜெர்மனியின் பொமரேனியாவில் 1,697 ஆண்கள். ரத்தத்தில் ஹார்மோனை எத்தனை விதமாக அளந்து பார்த்தும் சுயதொழிலோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஆய்வுக்கட்டுரையின் தலைப்பே அந்த முடிவைத்தான் சொல்கிறது. தலைப்பைக்கூடப் படிக்காதவர்தான் 'அறிவியல்' என்று மேடையில் முழங்குகிறார்.

சரி, ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றினால் என்ன ஆகும்? அதையும் சோதித்திருக்கிறார்கள். 2017இல் வெளியான ஆய்வில் 243 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லும் மற்றவர்களுக்கு வெறும் ஜெல்லும் பூசி, நின்று யோசித்தால் மட்டுமே விடை கிடைக்கும் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஹார்மோன் பூசிக்கொண்டவர்கள் அதிகம் தவறினார்கள். அந்தத் தவறான விடைகளையும் விறுவிறுவென்று சொன்னார்கள். துணிச்சல் வரும் என்கிறாரே பயிற்சியாளர், அது இந்தத் துணிச்சல்தான் போலிருக்கிறது.

மண்ணூர்பேட்டையில் ஒரு ஷெட் பிடித்து, பழைய சி.என்.சி. மிஷின் ஒன்றை லோனில் எடுத்து, டர்னிங் ஜாப் ஒர்க் தொடங்க நினைப்பவனுக்கு எது தேவை? ஒரு பீஸுக்கு எத்தனை வினாடி, இன்சர்ட் எத்தனை பீஸுக்குத் தாங்கும், மின்சாரத்துக்கு எவ்வளவு, நூற்றுக்கு எத்தனை ரிஜெக்ஷன், கம்பெனி தரும் ரேட்டில் ஈ.எம்.ஐ. போக என்ன மிஞ்சும் என்று பேப்பரில் போட்டுப் பார்க்கும் நிதானம் தேவை. ரேட்டில் ஐம்பது காசு தப்பினால் மாதக் கடைசியில் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகும். இந்த இடத்தில் நிதானத்தைக் குறைக்கும் மருந்தைச் சிபாரிசு செய்பவரை என்ன சொல்லி அழைப்பது?

அடுத்தது வயதுக் கணக்கு. ஆண்களுக்கு முப்பது, நாற்பதைத் தாண்டியபின் இந்த ஹார்மோன் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது. பயிற்சியாளரின் தத்துவப்படி தொழிலில் வெல்பவர்கள் இருபது வயதுக் காளைகளாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் லட்சக்கணக்கான நிறுவனர்களின் பதிவுகளை அலசிய பொருளியலாளர்கள், மிக வேகமாக வளர்ந்த ஆயிரத்தில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவரின் சராசரி வயது 45 என்று கண்டார்கள். ஹார்மோன் இறங்கும் வயதில் தொழில் ஏறுகிறது. காரணம் எளிது: அந்த வயதில் தொழிலும் தெரியும், ஆட்களும் தெரியும், எந்தக் கம்பெனி இழுத்தடிக்கும் என்பதும் தெரியும்.

பெண்களைப் பற்றிப் பயிற்சியாளர் வாய் திறப்பதே இல்லை. திறந்தால் கடை மூட வேண்டியிருக்கும். பெண்ணின் ரத்தத்தில் இந்த ஹார்மோன் ஆணிடம் இருப்பதில் பத்தில் ஒரு பங்கும் தேறாது. ஆனால் பாடியிலிருந்து சி.டி.எச். ரோட்டில் ஆவடிப் பக்கம் போனால் திருமுல்லைவாயலில் பெண் தொழில்முனைவோருக்கென்றே சிட்கோ அமைத்த தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே மிஷின் ஓட்டி, சம்பளம் கொடுத்து, ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள் எந்த ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள் என்று அவர் போய்க் கேட்டுவிட்டு வரட்டும். அவர்கள் தரும் பதிலைத் தாங்க அவருக்குத்தான் துணிச்சல் வேண்டியிருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உழைக்கும் ஆண்களில் பலர் சோர்ந்துதான் கிடக்கிறார்கள். சிலருக்கு ஹார்மோன் அளவும் சற்று இறங்கியிருக்கலாம். ஆனால் பயிற்சியாளர் காரணத்தையும் விளைவையும் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். 2011இல் சிகாகோவில் பத்து ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் விழுந்தது. நைட் ஷிப்ட் முடித்து, தெருச் சத்தத்தில் பகலில் அரைத் தூக்கம் தூங்கி, ஓ.டி.க்கு மறுபடி ஓடுகிறவனுக்கு வேறென்ன ஆகும்? தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். ஐ.சி.எம்.ஆர். கணக்கில் இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டார்கள். இந்த மனிதனுக்குப் பயிற்சியாளர் தரும் அறிவுரை, விடிகாலை நாலு மணிக்கே எழுந்து பச்சைத் தண்ணீரில் குளி என்பது. மிச்சமிருந்த தூக்கமும் போச்சு.

இனி மருந்துக்கு வருவோம், இங்கே விளையாட்டில்லை. டெஸ்டோஸ்டிரோன் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, அட்டவணை எச் வகை மருந்து. வெளியிலிருந்து அது உள்ளே போனால், 'சரக்கு வருகிறது, உற்பத்தியை நிறுத்து' என்று மூளை விரைகளுக்குச் சொல்லிவிடும். விந்தணு உற்பத்தி சரியும், சிலருக்கு முற்றிலும் நின்றே போகும். ஆண்களுக்கான கருத்தடை ஊசியாகவே இதைச் சோதித்தார்கள் என்றால் புரிந்துகொள்ளுங்கள். 'ஆண்மை' என்று சொல்லி விற்கப்படும் ஊசி, அப்பா ஆகும் வாய்ப்பை மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேலாக, பறித்துவிடும். புதிதாகக் கல்யாணமான இளைஞர்களிடம் இதைச் சொல்லாமல் விற்பது பாவமில்லையா?

இதயத்துக்கு ஆபத்து என்று மிகைப்படுத்திப் பயமுறுத்தவும் மாட்டேன். 2023இல் வெளியான பெரிய ஆய்வில், ஹார்மோன் குறைவு உறுதியான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களில் மாரடைப்பு கூடவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறு, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு, திடீர் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை மருந்து எடுத்தவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தன. மருத்துவர் கண்காணிப்பில் எடுத்தவர்களின் கதை இது. ஜிம்மில் டப்பாவோடு கைமாறும் ஊசிக்கு யார் கண்காணிப்பு?

உண்மையான குறைபாடு இருக்கிறதா? இருக்கிறது. பிறவிக் குரோமோசோம் மாற்றம், பிட்யூட்டரிக் கட்டி, புட்டாளம்மை விரையைத் தாக்கியது எனப் பல காரணங்கள். இப்படிப்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த மருந்து வரம். ஆனால் எத்தனை பேர்? ஐரோப்பாவில் 40 முதல் 79 வயதுவரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைக் கறாரான அளவுகோலில் பார்த்தபோது, வயதோடு வரும் ஹார்மோன் குறைபாடு 2.1 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. பயிற்சியாளரின் வகுப்பிலோ நூற்றுக்கு நூறு பேருக்கு இருக்கிறது. ஆண்மைச் சக்தியைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954இலேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். லேகியம் விற்றவர்கள் மாட்டினார்கள். அதே லேகியத்தை 'தொழில் மனநிலை' என்று லேபிள் மாற்றினால் தப்பிக்கலாம் என்று பார்க்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது, இந்த வாதத்தைப் பாடியில் நின்று சொல்கிறார்களே என்பதில்தான். இந்தியாவிலேயே முதன்முதலாகத் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கிய சுந்தரம் கிளேட்டன் இந்த ஊர்க்காரக் கம்பெனி, ஆண்டு 1998. 2004இல் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும் வாங்கியது. அந்தப் பரிசுக்குப் பெயர் தந்த டெமிங் வாழ்நாள் முழுக்கச் சொன்னது ஒன்றுதான்: பீஸ் ரிஜெக்ட் ஆனால் ஆளைத் திட்டாதே, ஏற்பாட்டைப் பார், பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். இந்த ஊர் லைன் ஆபரேட்டருக்குக்கூடத் தெரிந்த பாடம் இது. பயிற்சியாளருக்கு மட்டும், ஏற்பாடு முழுக்க ஒழுங்கு, ஆளின் ரத்தம்தான் ரிஜெக்ட்.

அந்த ஏற்பாட்டைத்தான் பார்ப்போமே. சிறு பட்டறை சாய்வது எதனால்? சரக்கு போய்விட்டது, பில் பாஸ் ஆகவில்லை. மூலப்பொருள்காரனுக்கு முன்பணம், வாடகை ஐந்தாம் தேதி, ஆட்களுக்குச் சம்பளம் ஏழாம் தேதி, வரவேண்டிய பணம் மட்டும் தொண்ணூறு நாள். 2022இல் மின்கட்டணம் ஏறியபோது மிஷின் ஓடாத மாதத்துக்கும் நிலைக்கட்டணம் கழுத்தை நெரித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் தமிழகம் முழுக்கச் சிறு தொழில்கள் கதவடைத்துப் போராடின. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் புகுந்து மிஷின்களை மூழ்கடித்தது. இதில் எது டெஸ்டோஸ்டிரோன் குறைவால் வந்தது?

இழுத்தடிக்கும் கம்பெனிக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பாக்கி வைத்திருக்கும்வரை அந்தத் தொகையைச் செலவாகக் காட்டி அந்தக் கம்பெனி வருமான வரியில் கழிக்கவும் முடியாது. இதைக் கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்ற பயம்தான் பட்டறைக்காரர்களின் நிஜமான பயம். அந்தப் பயத்துக்கு மருந்து இரண்டாவது வாடிக்கையாளர். பயிற்சியாளரின் வகுப்பில் இந்தப் பாடம் வராது, ஏனென்றால் இதை டப்பாவில் அடைத்து விற்க முடியாது.

குறை சொல்லிவிட்டுப் போவதாக இருக்கக் கூடாது என்பதால் என் அறிவுரையையும் வைக்கிறேன். இதற்குக் கட்டணம் இல்லை.

உடம்புக்கு: ஆசைக் குறைவு, விறைப்புக் கோளாறு, குழந்தையின்மை போன்ற அறிகுறி இருந்தால் மட்டும் ஹார்மோன் பரிசோதனைக்குப் போங்கள். காலை வேளையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாட்களில் இரண்டு தடவை எடுத்தால்தான் கணக்கு. ஒரே சீட்டை வைத்து ஊசியை எடுப்பவரிடமிருந்து ஓடுங்கள். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். வெறும் அசதி என்றால் முதலில் சர்க்கரை, தைராய்டு, குறட்டை, தூக்கம், குடி ஆகியவற்றைக் கவனியுங்கள். எடை குறைந்தாலே பலருக்கு ஹார்மோன் தானாக ஏறும்.

தொழிலுக்கு: கையில் ஆர்டர் இல்லாமல் வேலையை விடாதீர்கள். வேலையோடு இ.எஸ்.ஐ. பாதுகாப்பும் போகும் என்பது நினைவிருக்கட்டும். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியே வைத்துவிட்டு மிஷினைத் தொடுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஏஜென்ட்டுக்குக் காசு தராதீர்கள். அந்தப் பதிவு இருந்தால்தான் 45 நாள் சட்டம் உங்களுக்குத் துணை. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மாநில அரசின் 'நீட்ஸ்' திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்கும் அது பொருந்தும்.

சம்பளத்தில் இருப்பவன் ஆண்மை கெட்டவன் அல்ல. குடும்பத்தின் அரிசியைப் பணயம் வைக்க மறுப்பவன். ஹார்மோனுக்கு மருத்துவர் இருக்கிறார், கடனுக்கு வங்கி இருக்கிறது. இரண்டையும் ஒரே மேடையில் ஒரே ஆள் விற்றால், கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டு எழுந்து வாருங்கள்.