சொந்த வீட்டுக் கான்கிரீட்டை அரசு ஆய்வகத்தில் சோதிக்கலாம்... சங்கராபுரத்திலிருந்து எப்படிப் போவது?

வேலை சென்னையில் அல்லது பெங்களூரில். வீடு கட்டுவது சங்கராபுரத்தில். மேற்பார்வை அப்பா, பணம் வங்கிக் கடன், சென்ட்ரிங் வேலை எந்த அளவில் இருக்கிறது என்பது வாட்ஸ்அப் போட்டோவில். கம்பி நல்ல கம்பியா, கலவை சரியாக இருக்கிறதா என்று போனில் கேட்டால் மேஸ்திரி சொல்வது ஒன்றுதான்: "அதெல்லாம் கல்லு மாதிரி நிக்கும் தம்பி, நீங்க கவலைப்படாதீங்க."

இருபது வருடம் தவணை கட்டப்போகும் ஒரு பொருளுக்கு இந்த ஒரு வரிதான் உத்தரவாதம். வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. அரசு நடத்தும் சோதனைக்கூடங்கள் பல, கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியாட்களின் மாதிரிகளையும் சோதித்து ரிப்போர்ட் தருகின்றன. 1912-ல் கொல்கத்தாவில் தொடங்கிய நேஷனல் டெஸ்ட் ஹவுஸின் கிளை சென்னை தரமணியில் இருக்கிறது. சிமென்ட், கம்பி, மின்சாதனம் என்று சோதித்துத் தருவதே அதன் வேலை.

அதே தரமணியில் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும் உண்டு. சுருக்கமாக எஸ்.இ.ஆர்.சி., தொடக்கம் 1965. வயல் நடுவே கால் பரப்பி நிற்கும் உயர் அழுத்த மின்கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு புது டிசைனில் ஆயிரக்கணக்கில் நடுவதற்கு முன்னால், ஒன்றை முழு அளவிலேயே நிறுத்தி, புயல் காற்று இழுக்கிற மாதிரி கம்பி வடங்களால் படிப்படியாக இழுத்துப் பார்க்கும் நிலையம் இந்த மையத்திடம் இருக்கிறது. தயாரிக்கும் கம்பெனிகள் பணம் கட்டி இந்தச் சோதனையைச் செய்துகொள்கின்றன. இப்படி ஒரு வசதியை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாகக் கட்டிக்கொள்ள முடியாது. அதனால் இங்கே கட்டணம் வாங்குவதில் எந்தத் தப்பும் இல்லை என்பது என் கட்சி.

"மக்கள் வரிப்பணத்தில் கட்டிய ஆய்வகம் எதற்குக் காசு கேட்கணும்?" என்பவர்கள் உண்டு. இந்த விவாதம் பழசு. செலவில் மூன்றில் ஒரு பங்கை வெளியிலிருந்து சம்பாதிக்க வேண்டும் என்று சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களுக்கு 1986-லேயே ஆபித் உசேன் குழு சொல்லிவிட்டது. 2015 டேராடூன் பிரகடனம் இன்னும் ஒரு படி மேலே போனது. என் கவலை கட்டணத்தைப் பற்றியதல்ல. வருமான இலக்கு வைத்தால் ஆய்வகம் இயல்பாகவே பெரிய பில் கட்டுபவர் பக்கம்தான் திரும்பும். மூன்று கான்கிரீட் கட்டியோடு வரும் தனி ஆளுக்கு அங்கே என்ன இடம் இருக்கும்?

அந்தக் கட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டடக்காரர்கள் க்யூப் என்பார்கள். 15 சென்டிமீட்டர் கன சதுர அச்சில், தளத்துக்குக் கொட்டும் அதே கலவையை நிரப்பி, மறுநாள் அச்சைக் கழற்றி, தண்ணீரில் ஊறவைத்து, 28-ம் நாள் இயந்திரத்தில் வைத்து அமுக்குவார்கள். எம்-20 கலவை என்றால், அந்தக் கட்டி ஏறக்குறைய 46 டன் சுமை வரை தாங்க வேண்டும். சோதனையே சில நிமிட வேலைதான். ஆனால் ஒரு க்யூப் 8 கிலோ. மூன்று சேர்ந்தால்தான் ஒரு மாதிரி. 24 கிலோவை ஈரச் சாக்கில் சுற்றி, விளிம்பு உடையாமல், 200 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் தரமணிக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு சோதனைக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் வீடு கட்டுபவர் என்றால், முதலில் மலையிறங்கவே பாதி நாள் போய்விடும். யார் செய்வார்கள்?

உண்மையில் க்யூப் உடைக்கத் தரமணி தேவையே இல்லை. சிவில் பிரிவு உள்ள பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரிகளில் க்யூப் உடைக்கும் மெஷினும், கம்பியை இழுத்துப் பார்க்கும் மெஷினும் பாடத்திட்டத்துக்காகவே வாங்கி வைக்கப்பட்டிருக்கும். செய்முறை வகுப்பு முடிந்தால் சும்மா நிற்கும். சேலத்தில் 1966-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி மாதிரியான இடங்கள் நமக்குத் தரமணியைவிட எவ்வளவோ பக்கம். அரசுக் கல்லூரிகள் கட்டணச் சோதனை செய்வதும் புதிதல்ல. ஆனால் அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் அரசு ஒப்பந்ததாரர்கள். பில் பாஸாக ரிப்போர்ட் வேண்டுமே! சொந்த வீடு கட்டுபவருக்கு இந்தக் கதவு இருப்பதே தெரியாது. கட்டணப் பட்டியலை வாசலிலும் இணையத்திலும் போடுவதற்கு எந்தக் குழுவின் பரிந்துரையும் தேவையில்லை. மெஷினை முறையாக அளவு சரிபார்த்து வைப்பதும், வேலை பார்க்கும் ஆசிரியருக்குக் கட்டணத்தில் பங்கு தருவதும் மட்டும் கட்டாயம். இல்லாவிட்டால் இரண்டே மாதத்தில் "மெஷின் ரிப்பேர் சார்" என்ற பதில் வந்துவிடும்.

தனியார் ஆய்வகங்கள் இருக்கும்போது அரசு ஏன் போட்டிக்கு வர வேண்டும் என்று கேட்கலாம். நகரத்தில் அந்தக் கேள்வி நியாயம்தான். 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், தாலுகா அளவில் இறங்கிப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருக்கிறது. இந்த முடிவு எங்களிடம் தரப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்கிற அர்த்தத்தில் ஒரு குறிப்பு வழக்கமாக இருக்கும். க்யூப்புக்கு மட்டும் இரண்டு கரண்டி சிமென்ட் கூடுதலாகப் போட்டு, தளத்துக்குத் தண்ணிக் கலவை ஊற்றினால் எந்த ஆய்வகத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கான்ட்ராக்டரே க்யூப் எடுத்து, அவரே கொண்டுபோய், அவரே கட்டணம் கட்டினால், அரசு முத்திரை அவர் சொன்னதற்குத்தான் சாட்சி. கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு கல்லூரியே ஆள் அனுப்பி மாதிரி எடுக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு டிப்ளமோ மாணவர் ஒருவர், கையில் அச்சு, ஒரு பைக் போதும்.

அது வரும்வரை அப்பாவிடம் சொல்லிவையுங்கள். தளம் போடும் அன்று, நடுவில் ஒரு கலவையிலிருந்து, யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல் ஆறு க்யூப் எடுக்கட்டும்: மூன்று 7-ம் நாளுக்கு, மூன்று 28-ம் நாளுக்கு. 7-ம் நாளிலேயே மூன்றில் இரண்டு பங்கு வலு வந்திருக்க வேண்டும். தேதியை க்யூப் மேலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள். தொட்டியில் ஊறவைத்த பிறகு எது எந்தத் தளத்துடையது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.