வலி அறியாத குழந்தையும் பள்ளியின் கடமையும்

வலியைத் துன்பமென்றும் வலியின்மையைச் சுகமென்றும் கருதுவது மனித இயல்பு. ஆயினும் உடலியல் அறிஞர்கள் வலியை உடலின் காவற்காரன் என்றே கூறுவர். தோலிலும் மூட்டுகளிலும் பரவியுள்ள நுண்ணிய நரம்பு முனைகள், வெட்டு, சூடு, நசுக்கல் ஆகியவற்றால் தூண்டப்பெற்றதும் அச்செய்தியை முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் அனுப்புகின்றன. மூளை அதனை வலியென்று அறியுமுன்னரே கை நெருப்பினின்று விலகிவிடுகிறது. பின்னர் எஞ்சி நிற்கும் வலி, காயம்பட்ட உறுப்புக்கு ஓய்வளிக்கும்படி வற்புறுத்துகிறது. இக்காவல் இல்லாத குழந்தைக்கு அடுப்பும் ஆணியும் படிக்கட்டும் ஓயாத ஆபத்துகளாகும்.

இத்தகைய குழந்தையைக் காணும் பெரியோர் பொதுவாக மூன்று தவறுகளைச் செய்கின்றனர். முழங்கால் கிழிந்தும் அழாத சிறுவனைத் தைரியசாலி எனப் பாராட்டுவது ஒன்று. தன் விரலையும் உதட்டையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்பவனைப் பிடிவாதக்காரன் எனத் தண்டிப்பது மற்றொன்று. அடிக்கடி தோன்றும் தீப்புண்ணையும் எலும்பு முறிவையும் கண்டு, பெற்றோரே துன்புறுத்தினர் என்று மருத்துவச் சோதனைக்கு முன்பே முடிவுகட்டுவது மூன்றாவது. இம்மூன்றிலும் குழந்தையின் நரம்புகள் சோதிக்கப்படாமலே போகின்றன.

வலியின்மைக்குரிய காரணங்களுள் இரண்டினை ஆசிரியரும் களப்பணியாளரும் அறிந்திருத்தல் அவசியம். முதலாவது, நம் நாட்டில் இன்னும் முற்றிலும் ஒழியாத தொழுநோய். இந்நோயில் உடல் முழுவதும் மரத்துவிடுவதில்லை. வெளிறிய அல்லது சிவந்த ஒரு படையிலோ, ஒரு கையிலோ, ஒரு காலிலோ உணர்ச்சி குறைகிறது. இந்தியாவில் இந்நோயின் அளவு 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்துவிட்டதாக 2005ஆம் ஆண்டு இறுதியில் கணக்கிடப்பட்டது. அதனால் நோய் அற்றுப்போயிற்று என்று பொருளன்று. ஒரு குழந்தைக்கு இந்நோய் காணப்படுமாயின், சிகிச்சை பெறாத நோயாளி ஒருவர் அக்குழந்தையின் அருகிலேயே இருத்தல் கூடும் என்பதற்கு அது சான்று.

இரண்டாவது, பிறவியிலேயே வலி அறியாத நிலை. இது மிக அரிது. வட பாகிஸ்தானைச் சேர்ந்த மூன்று குடும்பங்களின் 6 குழந்தைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், நரம்பில் வலிச் செய்தி எழுவதற்கு இன்றியமையாத சோடிய வாயில் ஒன்று, மரபணுக் குறையால் இவர்களுக்கு இயங்கவில்லை என்று 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாக இருந்த சிறுவன், கையில் கத்தியைச் செருகியும் தணல்மேல் நடந்தும் தெருவில் வித்தை காட்டிவந்தான்; 14 வயது நிறையுமுன் வீட்டுக் கூரையிலிருந்து குதித்து உயிரிழந்தான். ஊரார் அவனை வியந்தனர். எச்சரிக்கக்கூடிய வலியோ அவனிடம் இல்லை.

இவ்விரு நிலைகளையும் ஒரே சோதனையால் கண்டுவிட இயலாது. தொழுநோய்ப் படையைப் பேனா முனையால் மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். முதலில் குழந்தையின் கண் திறந்திருக்கையில் செய்து காட்டிப் பயத்தைப் போக்கவேண்டும். பிறகு கண்ணை மூடச் செய்து, தொட்ட இடத்தைச் சுட்டச் சொல்லவேண்டும். உணர்ச்சி இருப்பதாகத் தோன்றினும் ஐயம் நீங்காவிடில் மருத்துவரிடம் அனுப்புவதே முறை. பிறவி வலியின்மையில் இச்சோதனை பயன்படாது. அக்குழந்தைகள் தொடுதலை நன்கு உணர்வர், வலியைத்தான் உணரார். அங்கே தாயை வினவுவதே சிறந்த சோதனையாகும். பல் முளைத்தது முதல் நாக்கைக் கடித்துக்கொண்டதா, ஊசி போட்டபோது அழுததா, வீங்கிய காலோடு ஓடியாடியதா, வாசனை அறிகிறதா என்று கேட்கவேண்டும். இவ்வகையுள் ஒன்றில் வியர்வையும் சுரப்பதில்லை. ஹைதராபாத் போன்ற நகரில் 40 பாகையைத் தாண்டும் கோடை வெயிலில் அத்தகைய குழந்தைக்குக் கடுங்காய்ச்சல் காணக்கூடும். எவ்வாறாயினும், வலியைச் சோதிப்பதாகச் சொல்லி ஆசிரியர் ஊசியால் குத்துதல் தகாது.

இவ்விரு நிலைகளுக்கும் உரிய நிலையங்கள் ஒருங்கே அமைந்த நகரம் ஹைதராபாத். குக்கட்பல்லியில் 1958ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சிவானந்தா மறுவாழ்வு இல்லம் தொழுநோயாளருக்குத் தொண்டாற்றி வந்துள்ளது. நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் மரபியல் மருத்துவத் துறை உண்டு; மத்திய அரசின் மரபணுக் கைரேகை மற்றும் நோயறி மையமும் அங்குள்ளது. அந்நகரின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தார் பங்குகொண்டு 2017ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி, தெற்காசியாவில் பல சமூகங்கள் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணந்து வந்தமையால் அரிய மரபுநோய்கள் அவற்றில் தலைகாட்ட இடமுண்டு என்று காட்டியது. தாய் தந்தை இருவரும் ஒரே குறையை மறைவாகச் சுமந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுற்ற குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் தென்னாட்டுக் குடும்பங்களுக்கு இதனைப் பழியாக அன்றி, அறிவுரையாக எடுத்துரைக்கவேண்டும்.

ஆகவே நிலையங்கள் இல்லாமை பெருங்குறையன்று. நகரத்தில் நிபுணர் இருந்தும், வகுப்பில் இருக்கும் குழந்தை அவரிடம் சென்று சேராமையே பெருங்குறை. 2013ஆம் ஆண்டு முதல் தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் கீழ் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வருகின்றன. அவர்கள் வரும்வரை காத்திராமல், காயப்பட்டும் அழாத குழந்தைகளின் பெயரை ஆசிரியர் தனியே குறித்துவைத்து அவர்களிடம் அளிப்பாராயின், பாதி வேலை முடிந்துவிடும். அக்குறிப்பு பிற மாணவர் கண்ணில் படாதிருத்தல் வேண்டும். தொழுநோயென்று தெரியவந்தாலும் குழந்தையைப் பள்ளியிலிருந்து நீக்க நியாயமில்லை. 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே தொற்றும் தன்மை பெரிதும் நீங்கிவிடுகிறது. காலந்தாழ்த்தினால் மடங்கிய விரல்களை மருந்தால் மட்டும் நிமிர்த்த இயலாது.

பிறவி வலியின்மைக்கு இன்று மருந்து இல்லை. அதற்குரிய வழியை வேலூரில் நடந்த பணியிலிருந்து அறியலாம். 1946ஆம் ஆண்டில் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணராத காயங்களாலேயே தேய்கின்றன என்று நிறுவினார். பின்னர் அமெரிக்காவில், ஆபத்தை ஒலியால் அறிவிக்கும் செயற்கை வலிக் கருவி ஒன்றை உருவாக்க முயன்றார். அணிந்தவர்கள் அதன் எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை, முயற்சி கைவிடப்பட்டது. ஆனால் கை கால்களை நாள்தோறும் கண்ணால் சோதித்தல், தக்க காலணி அணிதல், சூடான பாத்திரத்தைத் துணியால் பிடித்தல் ஆகிய பழக்கங்கள் எண்ணற்றோரின் உறுப்புகளைக் காத்தன.

இப்பழக்கங்களைக் குழந்தைக்குக் கற்பிக்கக்கூடியவர் தாயும் ஆசிரியருமே. காலை வேளையில் ஒருமுறை, விளையாட்டு முடிந்ததும் ஒருமுறை, கையையும் காலையும் வாயையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வலியால் அழைக்க இயலாத குழந்தையைத் தாமே சென்று கவனிக்கும் பொறுப்பு, அதனருகில் உள்ள பெரியோரைச் சார்ந்தது.