எல்லைக்குப் போகும் டப்பா

லடாக்கில் காவல் நிற்கும் பிள்ளைக்குப் பட்சணம் அனுப்பவா அடுப்பை மூட்டிவிட்டீர்கள்? சற்றுப் பொறுங்கள், சகோதரி!

பார்சல் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகலாம். தேங்காய் சேர்த்த பண்டம் வழியிலேயே சிக்கு நாற்றம் அடித்துவிடும்; முறுக்கு பொடியாகத்தான் போய்ச் சேரும். "பல்லை உடைக்கிறதே!" என்று வீட்டில் நாம் கேலி செய்யும் பொருள்விளங்காய் உருண்டைதான் இந்தப் பிரயாணத்துக்கு ஏற்றது. பருப்புப் பொடியும் தாங்கும். டப்பாவின் இடுக்குகளில் கம்பளிக் காலுறைகளைத் திணித்துவிட்டால் எதுவும் குலுங்காது. தேங்காயெண்ணெய் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறையும். லே நகரமோ 11,500 அடி உயரத்தில் இருக்கிறது!

விலாசத்தில் ஊர்ப் பெயர் கூடாது. எண், பதவி, பெயர், படைப்பிரிவு, அவர் எழுதியபடி பின்கோடு, "56 ஏ.பி.ஓ." - அவ்வளவே. உள்ளே ஒரு கடிதம் அவசியம். வீட்டுக் கவலைகளை அடுக்காமல், பசு கன்று ஈன்றதையும் தங்கை பாட்டுக் கற்பதையும் எழுதுங்கள்.

இன்னும் ஒன்று. பத்து உருண்டை போதுமென்று தோன்றினால் இருபதாகப் பிடியுங்கள். தபால் வந்த அன்று, தன் பெயரைக் கூப்பிடுவார்களா என்று காத்திருந்து ஏமாந்த பையன் ஒருவன் அடுத்த கட்டிலில் இருப்பான். அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே?